எட்டு மாதத்தில் மூன்றாவது பெல்ட்: பிக்கப்பில் எந்தப் புல்லி கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2016 மாடல் டீசல் பிக்கப், இரண்டரை லிட்டர் எஞ்சின், ஓட்டம் 2,14,000 கிலோமீட்டர். சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு, சில நாள் திருச்சூர். வாரம் நான்கு நடை.

எஞ்சின் முகப்பில் ஓடும் பெல்ட் எட்டு மாதத்தில் மூன்று போய்விட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிட்டுக்குருவி போல 'கீச் கீச்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானால் குறையும், முழுதாக நிற்காது. போன புதன்கிழமை உடுமலை தாண்டியதும் பானெட்டுக்குள் யாரோ சாட்டையால் அடிப்பது போலக் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பெல்ட்டின் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் ஆறு ரப்பர் வரிகளில், ரேடியேட்டர் பக்கத்து ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் உரிந்து, நூலாகத் தொங்கி, ஃபேன் கூட்டில் அடித்துக்கொண்டிருந்தது. பிளேடால் அறுத்துப் போட்டுவிட்டு ஐந்து வரியோடு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். மூன்று பெல்ட்டும் இதே ஓரத்தில்தான் கிழிந்தன.

மெக்கானிக் 'பெல்ட் போலி' என்கிறார். பெல்ட் விற்றவர் 'மாட்டியவருக்கு மாட்டத் தெரியவில்லை' என்கிறார். நடுவில் தக்காளியோடு நான். பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்களில், அதாவது புல்லிகளில், ஏதோ ஒன்று கெட்டிருக்கும் என்று தோன்றுகிறது, ஆனால் எது என்று தெரியவில்லை. உள்ளே எத்தனை புல்லி இருக்கிறது என்றுகூட இன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கையில் ஸ்பேனர் செட்டும் நல்ல டார்ச்சும் இருக்கின்றன. நானே பார்க்க முடியுமா? இரண்டு படம் இணைத்திருக்கிறேன்.

சேலம் சாலை | ஞாயிறு, இரவு 9.40

கம்பெனி பெல்ட் வாங்கிப் போடுங்கள், வேறு வழியில்லை. சத்தத்துக்கு மட்டும் என்றால் குளியல் சோப்பை எடுத்து ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் லேசாகக் காட்டுங்கள், உடனே நிற்கும். எங்கள் செட்டில் எல்லாரும் இதைத்தான் செய்கிறோம்.

நாமக்கல் பட்டறை | ஞாயிறு, இரவு 10.20

சோப்பு காட்டினால் சத்தம் நிற்கும் என்பது உண்மைதான். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினாலும் அழுகை நிற்கும். தயவுசெய்து ஓடுகிற பெல்ட்டின் அருகே யாரும் சோப்பையோ மெழுகையோ கொண்டுபோகாதீர்கள். அந்த வழுவழுப்பு புல்லிப் பள்ளத்தில் தங்கி அடுத்த பெல்ட்டையும் வழுக்கவிடும். தோளில் துண்டு போட்டபடி குனிகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. ஃபேன் அதை இழுத்தால் கழுத்தோடு போகும்.

தக்காளிவண்டித் தம்பி, மூன்று பெல்ட்டும் ஒரே ஓரத்தில் கிழிந்ததாகச் சொல்கிறீர்கள் அல்லவா? போலி பெல்ட் இப்படிக் கிழியாது. அது குறுக்கே வெடிக்கும், பாளம் பாளமாக ரப்பர் கழன்று விழும், இல்லாவிட்டால் நீண்டு தளரும். ஒரே ஓரம் திரும்பத் திரும்ப உரிகிறது என்றால் பெல்ட் நேர்கோட்டில் ஓடவில்லை.

நாளைக் காலை ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சத்தம் வரும் நேரத்தில், துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் தள்ளி நின்று இரண்டு முறை தெளியுங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி வரிசையில் நிற்கவில்லை. எது நடந்தது என்று எழுதுங்கள்.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | திங்கள், காலை 7.05

அண்ணே, தெளித்த நொடியே சத்தம் நின்றது. அரை நிமிடத்தில் தண்ணீர் உலர்ந்ததும் குருவி திரும்ப வந்துவிட்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அதே கதை. அப்படியானால் இது வரிசைக் கோளாறுதானா? எந்தப் புல்லி எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

நாமக்கல் பட்டறை | திங்கள், பிற்பகல் 2.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பில் எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால் புல்லிகள் எல்லாம் ரேடியேட்டரைப் பார்த்தபடி நிற்கும். பானெட்டைத் திறந்து வண்டிக்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள். அடியில், நடுவில், எல்லாவற்றிலும் பெரியதாக இருப்பது கிராங்க் புல்லி. மற்றவை எல்லாம் அது சுற்றச் சுற்றுபவை. அதற்கு நேர் மேலே ஃபேனுக்குப் பின்னால் வாட்டர் பம்ப் புல்லி. ஒரு பக்கம் மேலே, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் மிகச் சிறியதாக இருப்பது டைனமோ. மற்றப் பக்கம் பவர் ஸ்டீயரிங் பம்ப். கீழே, முன்பக்கம் தட்டையாகக் கிளட்ச் தட்டு தெரிந்தால் அது ஏசி கம்ப்ரஸர். வண்டிக்கு வண்டி இடம் வலம் மாறும், ஆனால் ஆட்கள் இவர்கள்தான்.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். தொல்லை பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும். ஒருவர் டென்ஷனர்: ஸ்பிரிங் வைத்த ஒரு கையின் நுனியில் உட்கார்ந்து பெல்ட்டை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் ஐட்லர்: எந்த வேலையும் இல்லாமல் பெல்ட்டைத் திருப்பிவிடுவதற்காக மட்டும் இருப்பார். கண்டுபிடிக்க எளிய வழி, புல்லிக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். பம்ப்போ டைனமோவோ கம்ப்ரஸரோ எதுவும் தட்டுப்படாமல், நடுவில் ஒரு போல்ட் மட்டும் இருந்தால் அதுதான் ஐட்லர்.

பெல்ட்டின் வரியுள்ள பக்கம் படுகிற புல்லிகளில் பள்ளம் இருக்கும். முதுகுப் பக்கம் படுகிற புல்லி வழவழப்பாக இருக்கும். பெல்ட் போகும் பாதை பானெட்டின் அடியில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். உதிர்ந்துபோயிருந்தால் கழற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு 'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்று சொன்னவர்கள் பலரை என் பட்டறைக்கு டோ செய்து கொண்டுவந்திருக்கிறார்கள்.

இனி வேலை. எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பைக்குள் போடுங்கள். ஸ்பேனர் டைனமோ முனையில் பட்டால் பொறி பறக்கும், எனவே பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். டென்ஷனரில் ஸ்பேனர் போட நட் வடிவில் ஒரு இடமோ, சதுர ஓட்டையோ இருக்கும். அதில் நீளமான கைப்பிடியைக் கொடுத்து மெதுவாகத் திருப்பினால் பெல்ட் தளரும். மறு கையால் வழவழப்பான புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவவிடுங்கள். டென்ஷனரைச் சட்டென்று விடாதீர்கள், விரலை நசுக்கும்.

பெல்ட் இறங்கியதும் ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். நல்ல ஐட்லர் சத்தமில்லாமல் இரண்டு மூன்று சுற்றுப் போய் நிற்கும். பம்பரம் போல நிற்காமல் சுற்றினால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று பொருள். மணல் அரைபடுவது போல விரலில் உணர்ந்தால் பேரிங் முடிந்தது. பிறகு புல்லியின் மேல் ஒரு கட்டைவிரல், கீழ் ஒரு கட்டைவிரல் வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்கு ஆட்டம் தெரியக் கூடாது. கிராங்க் புல்லியில் உள் வட்டத்துக்கும் வெளி வட்டத்துக்கும் இடையில் ரப்பர் இருக்கும். குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டுவையுங்கள். ஒரு வாரம் கழித்து கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் ரப்பர் விட்டுவிட்டது, அதுவும் பெல்ட்டைத் தின்னும்.

வன்னி ஹைலக்ஸ், கிளிநொச்சி | திங்கள், மாலை 6.10

நாமக்கல் அண்ணா சொன்ன எல்லாவற்றையும் பெயரோடு எழுதி என் கராஜ் சுவரில் ஒட்டலாம் போலிருக்கிறது. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் தம்பி ஐந்து வரி பெல்ட்டோடு வீடு வரை ஓட்டிவந்ததைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

என்னுடையது பழைய ஹைலக்ஸ், 2.8 லீட்டர் டீசல், எஞ்சின் வகையின் பெயர் 3எல். பெற்றோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சின் பிரேக்குக்குத் தேவையான வெற்றிடத்தைத் தானாகத் தராது. அதற்குத் தனியாக வெற்றிடப் பம்பு வேண்டும். இந்த எஞ்சினில் அந்தப் பம்பு டைனமோவின் முதுகில் இருக்கிறது. பெல்ற் போனால் டைனமோ நிற்கும், டைனமோ நின்றால் பம்பு நிற்கும். நான்கு வருடங்களுக்கு முன் பரந்தன் சந்திக்குக் கிட்ட பெல்ற் அறுந்தது. நான் மாற்றாமல் தள்ளிப்போட்ட பெல்ற், குற்றம் என்னுடையது. பற்றரி விளக்கு எரிந்தது, எஞ்சின் எதுவும் நடக்காதது போல ஓடிக்கொண்டே இருந்தது. முதல் இரண்டு மிதிக்குப் பிரேக் பிடித்தது. மூன்றாவது மிதி கல்லை மிதித்தது போல இருந்தது. தட்டையான ரோட்டு, பின்னால் சீமெந்து மூட்டை எதுவும் இல்லை, ஆகவே இதை எழுத இருக்கிறேன்.

உங்கள் வாகனத்தில் டைனமோவுக்குப் பின்னால் தடித்த ரப்பர் குழாய் ஒன்று பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்ரருக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால், பெல்ற் பிரச்சினையைப் பிரேக் பிரச்சினையாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | திங்கள், இரவு 8.00

அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். போகிறது. இந்த வாரம் நடை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மாமாவின் வண்டியில் சரக்கை அனுப்புகிறேன்.

பழைய ஸ்டீயரிங், மதுரை | திங்கள், இரவு 9.30

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் வி பெல்ட்தான். டைனமோ நட்டைத் தளர்த்தி, கடப்பாரையால் நெம்பி, கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்தி அரை அங்குலம் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து முறுக்கிவிடுவோம். சத்தம் போடுகிறது என்று இன்னும் இன்னும் இறுக்குவான் கிளீனர். பெல்ட் அப்போதைக்குத் தாங்கும், ஆனால் ஆறு மாதத்தில் வாட்டர் பம்ப் ஒழுகும், டைனமோ பேரிங் அலறும். இறுக்கம் என்பது வைத்தியம் இல்லை என்று கற்றுக்கொள்ள மூன்று வாட்டர் பம்புக்குக் காசு கொடுத்தேன். உங்களுக்கு ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் ஸ்பிரிங் களைத்துப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான டென்ஷனரில் கைப்பகுதியில் ஒரு கோடும், உடம்பில் இரண்டு கோடும் இருக்கும். அந்த ஒன்று இந்த இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும்.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | செவ்வாய், பகல் 12.45

காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றவே ஒன்றரை மணி நேரம். பெல்ட் இறங்கிவிட்டது.

ஐயா சொன்ன டென்ஷனர் கோட்டைப் பெல்ட்டை இறக்குவதற்கு முன்பே பார்த்தேன், நடுவில்தான் நின்றது. எல்லாப் புல்லியையும் சுற்றினேன், ஆட்டினேன். டைனமோ நன்றாக இருக்கிறது. வாட்டர் பம்பில் ஆட்டம் இல்லை, ஒழுகல் இல்லை. ஸ்டீயரிங் பம்ப், கம்ப்ரஸர் சரி. ஐட்லர் இரண்டு இருக்கின்றன, ஒன்று வழவழப்பு, ஒன்று பள்ளம் உள்ளது. இரண்டும் இரண்டு சுற்றுப் போய் அமைதியாக நின்றன. ஒரு சத்தமும் இல்லை.

ஒரு புல்லியும் கெடவில்லை அண்ணே. இப்போது என்ன செய்வது? கழற்றிய நிலையில் ஆறு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

சேலம் சாலை | செவ்வாய், பகல் 1.10

நான் முதலிலேயே சொன்னேன், பெல்ட்தான்.

பேரிங் கடை, கோவை | செவ்வாய், பிற்பகல் 3.50

இந்த இழையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இருபது வருடமாகப் பேரிங் விற்கிறேன், எஞ்சின் வேலை தெரியாது, அதனால் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உங்கள் நான்காவது படத்தில் ஒன்று உறுத்துகிறது.

பள்ளமுள்ள ஐட்லரின் நடு போல்ட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். போல்ட் தலைக்கு அடியில் இரண்டு வாஷர் இருக்கின்றன. ஒன்று பளபளப்பான துத்தநாகப் பூச்சு, மற்றது கறுப்பு. ஜோடி சேராத வாஷரைக் கம்பெனி போடாது. வாஷர் போட்டவர் எதையோ நிரப்பியிருக்கிறார். அந்தப் பேரிங்கை யாராவது மாற்றினார்களா?

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | செவ்வாய், பிற்பகல் 4.20

ஆமாம். சொல்ல மறந்துவிட்டேன், அது சரியாகிவிட்டது என்று நினைத்ததால் கணக்கிலேயே எடுக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன் அந்த ஐட்லரில் அரவைச் சத்தம் வந்தது. வழியில் ஒரு பட்டறையில் பேரிங் மட்டும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லை.

எழுதும்போதே கணக்கு உதைக்கிறது. அது நடந்து இரண்டு மாதத்தில்தான் முதல் பெல்ட் போயிற்று.

பேரிங் கடை, கோவை | செவ்வாய், பிற்பகல் 4.35

புல்லியைக் கழற்றுங்கள். பேரிங்கின் ரப்பர் மூடியிலோ, ஓர வளையத்திலோ எண் இருக்கும். கூடவே வெர்னியர் கிடைத்தால் அகலத்தை அளந்து சொல்லுங்கள். பேரிங்கின் அகலம் ஒன்று, புல்லிக்குள் அது உட்காரும் இடத்தின் நீளம் ஒன்று, இரண்டும் வேண்டும்.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | செவ்வாய், மாலை 6.55

லேத் பட்டறையில் வெர்னியர் வாங்கி அளந்தேன். எண் 6203, பக்கத்தில் 2ஆர்எஸ் என்று இருக்கிறது. அகலம் 12 மில்லிமீட்டர். புல்லிக்குள் பேரிங் முட்டி நிற்கும் முன்பக்கத் தோளிலிருந்து, பேரிங் கழலாமல் பிடிக்கும் பின்பக்க லாக் வளையம் வரை 16 மில்லிமீட்டர். பேரிங் முன்பக்கத் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. பின்னால் நான்கு மில்லிமீட்டர் வெறும் இடைவெளி, அதில் சிவப்பு மண் அடைந்திருந்தது.

பேரிங் கடை, கோவை | செவ்வாய், இரவு 7.30

திருடன் கிடைத்துவிட்டான்.

அங்கே இருக்க வேண்டியது 62203. இருப்பது 6203. இரண்டுக்கும் உள்துளை 17, வெளிவிட்டம் 40. கையில் வாங்கிப் பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். 6203-இன் அகலம் 12, 62203-இன் அகலம் 16. எண்ணில் நடுவே ஒரு 2 கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் '203 கொடு' என்று கேட்டால் பையன் 6203-ஐத்தான் எடுத்து நீட்டுவான், ஏனென்றால் தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் என்று ஊரெல்லாம் ஓடுவது அதுதான்.

நடந்தது என்ன என்று பாருங்கள். குறுகிய பேரிங்கை முன் தோளோடு ஒட்டி அடித்திருக்கிறார்கள். பேரிங்கின் பின்முகம்தான் எஞ்சின் பிராக்கெட்டில் போய் அமர்கிறது. அது இப்போது புல்லிக்குள் நான்கு மில்லிமீட்டர் உள்வாங்கிவிட்டதால், புல்லி முழுவதும் நான்கு மில்லிமீட்டர் எஞ்சின் பக்கமாக நகர்ந்துவிட்டது. போல்ட் இறுகாமல் அடியில் முட்டியிருக்கும், அதற்குத்தான் முன்னால் இரண்டு வாஷர்.

இனி பெல்ட் எப்படி ஓடும்? ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மில்லிமீட்டர். பெல்ட்டில் 6பிகே என்று போட்டிருக்கிறதே, அந்தப் பிகே வகைக்கு எல்லாம் இதே அளவுதான். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, பின்னால் வருவது மில்லிமீட்டரில் நீளம். புல்லி நான்கு மில்லிமீட்டர் விலகினால் பெல்ட் ஒரு பள்ளம் தாவி உட்காரும். ஐந்து வரி பள்ளத்தில், ஆறாவது வரி ரேடியேட்டர் பக்கம் வெளியே. புல்லி விளிம்பில் உரசிக்கொண்டே ஓடும். எந்த ஓரம் கிழிந்தது என்று நீங்கள் முதல் பதிவில் எழுதினீர்கள் அல்லவா, அதே ஓரம்.

ஒரு கணக்கு. கிராங்க் புல்லி 150 மில்லிமீட்டர், ஐட்லர் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஐட்லர் ஏறத்தாழ 4,300 சுற்றுச் சுற்றும், மணிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உரசல். பெல்ட் மூன்று மாதம் தாங்கியதே பெரிது, பாவம் அந்தப் பெல்ட் கடைக்காரர்.

நாமக்கல் பட்டறை | செவ்வாய், இரவு 8.15

கடைக்காரரே, உங்களுக்கு ஒரு சலாம். வாஷரை நான் கவனிக்கவேயில்லை. பேரிங் நன்றாகச் சுற்றினால் புல்லி நன்றாக இருக்கிறது என்றே நானும் இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் தம்பிக்கு நான் சொல்வது, பேரிங்கை மட்டும் மாற்றாதீர்கள், முழுப் புல்லியாக வாங்கிப் போடுங்கள். இரண்டு முறை அடித்து இறக்கிய துளை பெரிதாகியிருக்கும். பள்ளங்களும் தேய்ந்திருக்கும்.

பேரிங் கடை, கோவை | செவ்வாய், இரவு 8.30

பேரிங் விற்பவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிளாஸ்டிக் புல்லி என்றால் நானும் முழுதாகவே மாற்றச் சொல்வேன், அதில் பேரிங்கோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். இது எஃகுப் புல்லி, லாக் வளையம் போட்டது, அதாவது பேரிங் மாற்றுவதற்கென்றே செய்தது. புதுப் பேரிங் கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் துளை பெருத்துவிட்டது, புல்லியைத் தூக்கிப் போடுங்கள். அழுத்தம் கொடுத்தால்தான் போகும் என்றால் புல்லி பிழைத்தது.

நாமக்கல் பட்டறை | செவ்வாய், இரவு 8.50

அந்த நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறேன். பள்ளத்தின் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள் தம்பி. கத்தி போலக் கூராகியிருந்தால் பேரிங் எப்படி இருந்தாலும் புல்லி வேண்டாம்.

பேரிங்கை ஏற்றுவது இப்படி. இரவு முழுக்கப் பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கும். வைஸில் புல்லியை வைத்து, பேரிங்கின் வெளி வளையத்தின் அளவுக்குப் பொருந்துகிற பெரிய பாக்ஸ் ஸ்பேனரை அதன் மேல் வைத்து மெதுவாக முறுக்குங்கள். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். நடு வளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழும். அன்றைக்குத் தெரியாது, அடுத்த மாதம் அரவை கேட்கும். லாக் வளையம் பள்ளத்தில் 'டிக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் பேரிங் இன்னும் முழுதாக உட்காரவில்லை. போல்ட்டுக்கு அந்த இரண்டு வாஷரும் இனி வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு, பெல்ட் போடுவதற்கு முன், நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றைப் பக்கத்துப் புல்லியின் முகத்தில் வைத்து ஐட்லரோடு ஒப்பிடுங்கள். விளிம்பு தடிமன் புல்லிக்குப் புல்லி வேறுபடும், ஆகையால் விளிம்பைப் பார்க்காதீர்கள். முதல் பள்ளத்தைப் பாருங்கள்.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | வியாழன், இரவு 9.10

முடிந்தது. ஒட்டன்சத்திரத்தில் 62203 கிடைக்கவில்லை, திண்டுக்கல்லில் வாங்கினேன். இரண்டு கடையில் 6203-ஐ எடுத்து நீட்டி 'இதுதான் அது' என்று சத்தியம் செய்தார்கள். மூன்றாவது கடையில் நான் வெர்னியரை மேசை மேல் வைத்ததும் பேச்சு மாறியது. விலை முந்நூறு ரூபாய்க்குள்தான்.

புல்லிப் பள்ளம் கூராக இல்லை. ஃப்ரீசரில் இருந்து எடுத்த பேரிங் கையால் கால்வாசி போய் நின்றது, மீதியை வைஸ்தான் உள்ளே அனுப்பியது. லாக் வளையம் 'டிக்' என்று விழுந்தது அண்ணே, அந்தச் சத்தத்தை மறக்க மாட்டேன். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பள்ளத்துக்குப் பள்ளம் நேர். புதியதை ஏற்றுவதற்கு முன்பே பழைய பேரிங்கோடும் ஒருமுறை மாட்டி ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன், ஒரு பள்ளம் அப்படியே உள்ளே போய் நின்றது. ஃபேனுக்குப் பின்னால் இருட்டில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

புதுப் பெல்ட் போட்டு ஸ்டார்ட் செய்தேன். குருவி இல்லை. என் மனைவி அடுக்களையிலிருந்து வந்து 'வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா' என்று கேட்டாள்.

சேலம் சாலை | வியாழன், இரவு 9.45

வாழ்த்துகள். சோப்பு விஷயத்தை யாரும் மறுபடி எடுக்காமல் இருந்ததற்கு நன்றி. நாளை என் வண்டியின் ஐட்லர் போல்ட்டில் எத்தனை வாஷர் என்று பார்க்கப் போகிறேன்.

வன்னி ஹைலக்ஸ், கிளிநொச்சி | வெள்ளி, காலை 6.30

தம்பிக்குச் சந்தோஷம். நாமக்கல் அண்ணாவிடம் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப்பில் டென்ஷனர் புல்லியின் போல்ட்டைக் கழற்றப் பார்த்தோம், இரண்டு ஆள் பலத்துக்கும் அசையவில்லை. இன்னும் பலம் கொடுக்கலாமா?

நாமக்கல் பட்டறை | வெள்ளி, காலை 7.15

வேண்டாம், நிறுத்துங்கள். சில டென்ஷனர் புல்லிகளில் மரை இடப்பக்கமாக இருக்கும். பெல்ட்டைத் தளர்த்த அந்த போல்ட்டிலேயே ஸ்பேனர் போட்டுத் திருப்புவார்கள் என்பதால், அது கழலாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இறுக்கிக்கொண்டிருக்கிறீர்களோ என்று சந்தேகம். எதிர்ப்பக்கம் ஒருமுறை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அதுதான்.

வன்னி ஹைலக்ஸ், கிளிநொச்சி | வெள்ளி, காலை 8.05

ஒரு ஆள் பலத்தில் கழன்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

தக்காளிவண்டி, ஒட்டன்சத்திரம் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

பன்னிரண்டு நடை முடிந்தது. பெல்ட்டின் ஓரம் கடையில் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருக்கிறது, கறுப்புத் தூள் இல்லை. மாற்றுக்கு ஒரு பெல்ட்டைச் சீட்டுக்கு அடியில் போட்டு, கூடவே பெல்ட் பாதைப் படத்தை அச்செடுத்து ஒட்டியிருக்கிறேன்.

நேற்று அந்தப் பட்டறை வழியாக வந்தேன். சண்டை போட வேண்டும் என்றுதான் இறங்கினேன். பட்டறைக்காரர் இரண்டு பேரிங்கையும் கையில் வாங்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்து, போன் நம்பர்கள் எழுதியிருக்கும் சுவரில் 62203 என்று எழுதி அடிக்கோடு போட்டார். டீ சொன்னார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.